கம்ப்யூட்டரை நம்ம கைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறது எப்புடி? டெல்டா பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருத்துறைப்பூண்டி பக்கம் எந்த உரக்கடைக்குப் போனாலும் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, வீட்லயும் பசங்களுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்பாவது ஒண்ணு இருக்கும். ஆனா முக்கால்வாசி மெஷின் வாங்குன அன்னைக்கு எப்புடி இருந்துச்சோ அப்புடியேதான் ஓடிக்கிட்டு இருக்கு. எழுத்து பொடிசா இருக்கும், தேதி அமெரிக்கா கணக்குல மாசம் முன்னாடி வரும், தமிழ்ல ஒரு வரி அடிக்கணும்னா ஃபோன்ல அடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பி அங்கேருந்து காப்பி பண்ணுவாங்க. இது எதுவுமே அவசியம் இல்லங்க. ஒரு சாயந்தரம் உக்காந்தா எல்லாத்தையும் நம்ம வேலைக்குத் தகுந்த மாதிரி மாத்திடலாம், பைசா செலவு கிடையாது. புதுசா கம்ப்யூட்டர் தொடுறவங்க கம்ப்யூட்டர் முழுசையும் கத்துக்கணும்னு பயப்படுறாங்க, அது வேண்டாம், உங்க வேலைக்கு எது தினம் தேவையோ அந்த நாலஞ்சு இடத்தை மட்டும் சரி பண்ணுங்க போதும்.

நான் விண்டோஸ் 11-ஐ வச்சு சொல்றேன். 10-லயும் கிட்டத்தட்ட இதே இடங்கள்தான், பேரு மட்டும் அங்கங்க மாறும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்துக்கிட்டு இருந்த வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு, அதனால பேங்க் வேலை பாக்குற மெஷின் இன்னும் 10-ல இருந்தா அதைப் பத்தி கடைசில சொல்லியிருக்கேன், படிங்க.

மொதல்ல கண்ணுக்கும் கணக்குக்கும்

விண்டோஸ் கீயையும் ஐ எழுத்தையும் சேத்து அழுத்துங்க, செட்டிங்ஸ் திறக்கும். அதுல அக்செஸிபிலிட்டி, அதுக்குள்ள டெக்ஸ்ட் சைஸ். அந்தக் கோட்டை 120, 130 வரைக்கும் இழுத்துட்டு அப்ளை குடுங்க. அங்கேயே மவுஸ் பாயின்டரையும் பெருசாக்கலாம், கலரும் மாத்தலாம். வீட்ல அப்பா, தாத்தா யாராச்சும் கம்ப்யூட்டர் பாக்குறாங்கன்னா இதை மொத வேலையா செஞ்சு குடுங்க, கண்ணு தெரியலன்னு சொல்லாம ஒதுங்கிப் போற பெரியவங்க நிறைய பேரு இருக்காங்க.

அடுத்து டைம் அண்ட் லாங்குவேஜ், அதுல லாங்குவேஜ் அண்ட் ரீஜன். கன்ட்ரியில இந்தியா வைங்க, ரீஜனல் ஃபார்மட்ல இங்கிலீஷ் இந்தியான்னு வைங்க. இதை மாத்துனதும் தேதி நாள், மாசம், வருஷம்னு நம்ம வரிசைக்கு வந்துடும், எக்செல்ல கமா போட்டா 100,000-ங்கிறது 1,00,000-னு லட்சக் கணக்குல நிக்கும். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா நெல்லு போட்ட காசைக் கூட்டிப் பாக்குறப்ப தப்பா படிக்காம இருக்க இது ரொம்ப உதவி.

தமிழ் அடிக்கிறது

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையா செய்யுங்க.

1. அதே லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்துல ஆட் எ லாங்குவேஜ் அழுத்துங்க.
2. தேடுற இடத்துல தமிழ்னு தேடி, இந்தியா போட்டிருக்குறதை எடுங்க.
3. அடுத்த பக்கத்துல டிஸ்ப்ளே லாங்குவேஜா வைக்கவான்னு ஒரு டிக் கேக்கும். மெனு எல்லாம் தமிழ்ல வேணும்னா போடுங்க, வேண்டாம்னா எடுத்துடுங்க. அப்புறம் இன்ஸ்டால்.
4. லிஸ்ட்ல தமிழ் வந்ததும் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும், அதுல லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், கீழ கீபோர்ட்ஸ், ஆட் எ கீபோர்ட். அங்க தமிழ் 99, போனடிக்னு வரும், வேணுங்கிறதை சேத்துக்கங்க.
5. இனிமே விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் பார் தட்டுனா இங்கிலீஷும் தமிழும் மாறி மாறி வரும்.

எந்தக் கீபோர்டு நல்லதுன்னு எல்லாரும் கேப்பாங்க. இதுவரைக்கும் இங்கிலீஷ் எழுத்துல அம்மா அப்பா அடிச்சே பழகுனவங்களுக்கு போனடிக் உடனே கை வரும். ஆனா நீங்க தினமும் மனு, பில்லு, கோயில் நோட்டீஸ்னு நிறைய அடிக்கப் போறீங்கன்னா தமிழ் 99-ஐ பழகிக்கங்கன்னுதான் நான் அடிச்சு சொல்வேன். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின்னாடி தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட அமைப்பு அது. இடது கைப்பக்கம் உயிரெழுத்து, வலது கைப்பக்கம் பெரும்பாலும் மெய்யெழுத்து. மெய்யை அழுத்தி உயிரை அழுத்துனா உயிர்மெய் வந்துடும். அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, நடுவுல வர்ற புள்ளி தானா விழுந்துடும், ஏன்னா ஒரே மெய் ரெண்டு தரம் வந்தா மொத மெய்க்குப் புள்ளின்னு அதுக்கே தெரியும். அதே மாதிரி ங-வுக்குப் பின்னாடி க, ஞ-வுக்குப் பின்னாடி ச, ந-வுக்குப் பின்னாடி த வந்தாலும் புள்ளி தானா விழும். தஞ்சாவூர்னு அடிச்சுப் பாருங்க: த, ஞ, ச, ஆ, வ, ஊ, ர, கடைசில புள்ளிக்கு ஃ. மொத்தம் 8 தட்டு. மமதை மாதிரி வார்த்தைக்கு மட்டும் மொத ம-வுக்கு அடுத்து அ-வை ஒரு தரம் தட்டிக்கணும், இல்லன்னா புள்ளி விழுந்துடும்.

சில கீபோர்டுல இந்த தானா புள்ளி விழுற வசதி இருக்காது, அப்புடி இருந்தா ஒவ்வொரு புள்ளிக்கும் ஃ தட்டணும். அது பிடிக்கலன்னா என்.ஹெச்.எம். ரைட்டரோ இ-கலப்பையோ போட்டுக்கங்க, ரெண்டுமே இலவசம். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணுனவங்க நம்ம ஊர்ல ஏகப்பட்ட பேரு, அவங்க விரலுக்குப் பழகுன டைப்ரைட்டர் அமைப்பும் என்.ஹெச்.எம். ரைட்டர்ல இருக்கு, புதுசா எதையும் கத்துக்க வேண்டியதில்ல.

இன்னொரு சிக்கல் பழைய ஃபைலு. டி.டி.பி. சென்டர்ல கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், சங்கத்துக் கணக்கு எல்லாம் பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்சு வச்சிருப்பாங்க. அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா ஒண்ணும் புரியாது. பாமினில அம்மான்னு அடிச்சது எம், கே, செமிகோலன், கே, ஹெச்னு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். ஃபைலு கெட்டுப் போச்சுன்னு நெனச்சு அழிச்சுடாதீங்க, ஒண்ணும் கெடல. அந்த எழுத்தை அப்புடியே காப்பி பண்ணி யூனிகோட் (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறை) கன்வெர்ட்டர்ல போட்டு, பாமினியா வானவில்லான்னு சரியா தேர்ந்தெடுத்தா நல்ல தமிழா மாறிடும். மாத்துனதை வேற பேர்ல சேவ் பண்ணுங்க, பழசை அப்புடியே வைங்க, ஏன்னா கன்வெர்ட்டர் அங்கங்க ஒரு எழுத்தை விட்டுடும், ஒத்துப் பாக்கணும். இனிமே அடிக்கிறதை எல்லாம் யூனிகோட்லயே அடிங்க, அப்பதான் ஃபோன்லயும் தெரியும், தேடுனாலும் கிடைக்கும். நோட்டீஸ் அழகா வேணுமேன்னா நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் எல்லாம் இலவசமா கிடைக்குற யூனிகோட் ஃபான்ட்தான், இறக்கி ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா முடிஞ்சுது.

வேர்டுல தமிழ் எழுத்தோட சைஸ் மாத்துனா மாறவே மாட்டேங்குதுன்னா கன்ட்ரோலோட டி அழுத்துங்க. வர்ற பெட்டில காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்ஸ்னு தனியா ஒரு இடம் இருக்கும், தமிழுக்கான ஃபான்ட்டும் சைஸும் அங்கதான். லிப்ரே ஆஃபீஸ்ல அதுக்கு சி.டி.எல்.னு பேரு. மனு எழுதிக் குடுக்குற கடைக்காரங்களுக்கு ஒண்ணு: அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் போட்டு ஒரு காலி மனுவைத் தயார் பண்ணி சேவ் ஆஸ்ல வேர்டு டெம்ப்ளேட்டுன்னு வச்சுக்கங்க, ஒவ்வொரு தரமும் திறந்தா புது காப்பி வரும், நேத்து வந்தவங்க பேரு இன்னைக்கு மனுல ஒட்டிக்கிட்டு வராது.

எக்செல்ல சர்வே நம்பர் ஏன் மார்ச் மாசமா மாறுது

உரக்கடை வச்சிருக்குற ஒரு அண்ணன் கேட்டாங்க, "தம்பி, சர்வே நம்பர் 12/3-னு அடிச்சா இது 12 மார்ச்சுங்குதுப்பா, நானும் அழிச்சு அழிச்சு அடிக்கிறேன், திரும்பத் திரும்ப அதேதான் வருது". "அண்ணே, அது தேதின்னு நெனச்சுக்குது, நீங்க அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்"னேன்.

டெல்டாவுல நெலம், குத்தகை, பயிர்க்கடன்னு எதை எக்செல்ல ஏத்துனாலும் இது வரும். நடுவுல கோடு போட்ட ரெண்டு சின்ன நம்பரைப் பாத்தா எக்செல் அதைத் தேதியா மாத்தி உள்ள ஒரு எண்ணா வச்சுக்கும். 2025-ல 12/3 அடிச்சிருந்தீங்கன்னா அதைப் பின்னாடி டெக்ஸ்ட்டா மாத்துனா 45728-னு நிக்கும், சர்வே நம்பர் போனது போனதுதான். அதனால அடிக்கிறதுக்கு முன்னாடி மேலேருந்து கீழ போற அந்த நெட்டு வரிசையை முழுசா செலக்ட் பண்ணி, கன்ட்ரோலோட 1 அழுத்தி, நம்பர் டேப்ல டெக்ஸ்ட்டுன்னு தேர்ந்தெடுத்து ஓகே குடுங்க. ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும்னா மொதல்ல ஒரு ஒத்தை மேற்கோள் குறி போட்டு அடிங்க, அந்தக் குறி வெளில தெரியாது.

இதைவிட ஆபத்தானது பேங்க் அக்கவுண்ட் நம்பர். எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம் வரைக்கும்தான் சரியா வச்சுக்கும், 16 இலக்க அக்கவுண்ட் நம்பரை சாதாரணமா அடிச்சா கடைசி இலக்கம் பூஜ்யமா மாறிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. முன்னாடி பூஜ்யத்துல ஆரம்பிக்குற நம்பர்னா அந்தப் பூஜ்யத்தையும் தூக்கிடும். ஆதார் 12 இலக்கம்தான், அது 1.23 ஈ ப்ளஸ் 11-னு விநோதமா காட்டும், ஆனா உள்ள நம்பர் பத்திரமா இருக்கும், ஃபார்மட் மாத்துனா திரும்ப வந்துடும். அக்கவுண்ட் நம்பர் அப்புடி திரும்ப வராது. சங்கத்துல, குழுவுல பத்து ஐம்பது பேரு நம்பர் ஏத்துறவங்க தயவுசெஞ்சு இந்த நெட்டு வரிசையை டெக்ஸ்ட்டா வச்சுட்டு அப்புறம் தொடங்குங்க, ஒரு இலக்கம் மாறுனா ஒரு குடும்பத்துக் காசு வராம நிக்கும்.

சரி, நல்ல விஷயம் ஒண்ணு. 25-னு அடிச்சா 25 சிப்பம்னு (சிப்பம்னா 40 கிலோ நெல்லு மூட்டை) காட்டணும், ஆனா கணக்கும் போடணும்னா சிப்பம்ங்கிற வார்த்தையை கையால அடிக்காதீங்க, அடிச்சா அது எழுத்தா ஆயிடும், கூட்டாது. கன்ட்ரோலோட 1, கஸ்டம், அங்க டைப்ங்கிற இடத்துல பூஜ்யம், ஒரு ஸ்பேஸ், இரட்டை மேற்கோளுக்குள்ள சிப்பம். அவ்வளவுதான், இப்ப 25 அடிச்சா 25 சிப்பம்னு வரும், பக்கத்துக் கட்டத்துல ஈக்வல் போட்டு அந்தக் கட்டத்தைக் கிளிக் பண்ணி ஸ்டார் 40 அடிச்சா 1000 கிலோன்னு கணக்கும் வரும். இதே வழியில மா, குழி, ஆளு, நடவுக் கூலி எதுக்கு வேணும்னாலும் நம்ம வார்த்தையையே வச்சுக்கலாம். நம்ம பக்கம் மூணு மா ஒரு ஏக்கர்னு பேசுறோம், ஒரு நெட்டு வரிசைல மா போட்டு அடுத்த நெட்டு வரிசைல மூணால வகுத்தா ஏக்கர் தானா வந்துடும். குறுவைக்கு ஒரு ஷீட்டு, சம்பாவுக்கு ஒரு ஷீட்டு, தாளடிக்கு ஒண்ணுன்னு கீழ பேரு போட்டு வச்சீங்கன்னா எதுல மிஞ்சுச்சுன்னு ஒரே பார்வைல தெரியும்.

தினம் கை போற நாலு கீ

விண்டோஸ் கீயோட வி. மொத தரம் அழுத்துனா டர்ன் ஆன்னு கேக்கும், குடுங்க. அதுக்கப்புறம் நீங்க காப்பி பண்ணுன கடைசி 25 விஷயத்தை ஞாபகம் வச்சுக்கும், எது வேணுமோ கிளிக் பண்ணி ஒட்டலாம். அடிக்கடி தேவைப்படுற கடை முகவரி, ஜி.எஸ்.டி. நம்பர், ஐ.எஃப்.எஸ்.சி. கோடு இதையெல்லாம் பின் பண்ணி வச்சா மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனாலும் இருக்கும். நாலு பேரு உக்காருற கடை மெஷின்னா ஆதார் நம்பரையோ பாஸ்வேர்டையோ அதுல நிக்க விடாதீங்க, க்ளியர் ஆல் குடுத்துடுங்க.

விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூணையும் சேத்து அழுத்துனா ஸ்க்ரீன்ல வேணுங்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம், இனிமே ஸ்க்ரீனை ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். தெரியாம மூடுன பிரவுசர் டேபை கன்ட்ரோல், ஷிஃப்ட், டி திரும்ப கொண்டாந்துடும். சீட்டை விட்டு எழுந்தா விண்டோஸ் கீயோட எல், மெஷின் பூட்டிக்கும்.

ஃபைலுக்குப் பேரு மாத்த எஃப் 2, ஒண்ணு முடிஞ்சதும் டேப் அழுத்துனா அடுத்த ஃபைலுக்குத் தாவும். பேரு வைக்கிறப்ப வருஷம், மாசம், நாள்னு தேதியை மொதல்ல போட்டு அப்புறம் பட்டா, சிட்டா, அடங்கல்னு எழுதுனா தானா வரிசையா நிக்கும்.

ஆன்லைன்ல அப்ளிகேஷன் போடுறப்ப ஃபோட்டோ இத்தனை கே.பி.க்குள்ள இருக்கணும்னு கேப்பாங்கல்ல, அதுக்காக முன்னபின்ன தெரியாத வெப்சைட்ல ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏத்தாதீங்க. உங்க மெஷின்ல இருக்குற பெயின்ட்லயே கன்ட்ரோலோட டபிள்யூ அழுத்தி, சைஸைக் குறைச்சு, ஜே.பி.இ.ஜி.யா சேவ் பண்ணுங்க, வேலை முடிஞ்சுடும். பி.டி.எஃப். வேணும்னா பிரிண்ட் குடுத்து, பிரிண்டர் இருக்குற இடத்துல மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.னு தேர்ந்தெடுங்க.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ, ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்ல டிக் போடுங்க. ரசீதுன்னு பேரு போட்டு, பி.டி.எஃப்.னு காட்டி, அதுக்குப் பின்னாடி ஒளிச்சு இ.எக்ஸ்.இ.னு முடியுற ஃபைலு வந்தா அது வைரஸு, திறக்காதீங்க. டிக் போடலன்னா அந்தக் கடைசிப் பகுதி உங்க கண்ணுக்கே தெரியாது.

கரண்டு போறதும் மழையும்

ஐப்பசி, கார்த்திகைல கரண்டு எப்ப போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. வேர்டு, எக்செல்ல ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ்ல போய்ப் பாத்தா 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் காப்பி எடுக்குற மாதிரி இருக்கும், அதை 2 நிமிஷமாக்குங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தும் கரண்டு போறப்ப டெஸ்க்டாப் மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா இன்வெர்ட்டர்ல யு.பி.எஸ். மோடுன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, நிறைய மாடல்ல இருக்கு, அதைப் போட்டா மாறுற நேரம் குறைஞ்சு மெஷின் அணையாம நிக்கும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தப்ப நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைல என்ன ஆச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஓடு பறந்த வீட்ல பீரோவுல இருந்த பத்திரமும் நனைஞ்சுது, கம்ப்யூட்டரும் நனைஞ்சுது. அதனால முக்கியமான பேப்பர், கல்யாண ஃபோட்டோ, கடைக் கணக்கு இதெல்லாம் மெஷின்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, நெட்ல ஒண்ணுன்னு மூணு இடத்துல இருக்கட்டும். கூகுள் டிரைவ்ல 15 ஜி.பி. இலவசம், ஜிமெயிலும் ஃபோட்டோஸும் அதையே பங்கு போட்டுக்கும்ங்கிறதை ஞாபகம் வைங்க. பென் டிரைவை அதே வீட்ல அதே பீரோவுல வைக்காதீங்க, திருச்சியிலயோ வேற ஊர்லயோ இருக்குற அக்கா வீட்ல, மச்சான் வீட்ல ஒண்ணு குடுத்து வைங்க, தீபாவளி பொங்கலுக்குப் போறப்ப புதுசு மாத்திக்கலாம்.

மெஷின் மெதுவா ஓடுனா

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் அழுத்துனா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல ஸ்டார்ட்அப் ஆப்ஸ். ஆன் பண்ணுனதும் தானா ஓடுற எல்லாம் அங்க இருக்கும், தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்க, ஆன்டிவைரஸையும் நீங்க போட்ட தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேரையும் மட்டும் விட்டுடுங்க. அப்பவும் மெதுவா இருந்து, உள்ள பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா அதை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ங்கிற வேகமான டிஸ்க்கை மாத்துங்க, புது மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி இதைத்தான் செய்யச் சொல்வேன், வித்தியாசம் அன்னைக்கே தெரியும்.

2011-ல தொடங்குன திட்டத்துல அரசு குடுத்த லேப்டாப் இன்னும் நிறைய வீட்ல பரண் மேல இருக்கு. விண்டோஸ் 11-க்கு குறைஞ்சது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0-ங்கிற பாதுகாப்பு சிப்பு வேணும். பேங்க் வேலை பாக்குற விண்டோஸ் 10 மெஷின்ல 11 ஏறுதுன்னா மாத்திக்கங்க, ஆனா பழைய மெஷின் பலதுல அது ஏறாது. அதைத் தூக்கிப் போடாதீங்க, அந்த லேப்டாப் பலதுலயும் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் (லினக்ஸ்னா விண்டோஸ் மாதிரியே மெஷினை ஓட்டுற இலவச சாஃப்ட்வேர்) போட்டுத்தான் குடுத்தாங்க, லினக்ஸ் அதுக்குப் புதுசு இல்ல. லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்.எஃப்.சி.இ.ங்கிற லேசான வகையை ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லேருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை எடுக்குதா, சவுண்டு வருதா, உங்க பிரிண்டர் வேலை செய்யுதா, தமிழ் 99 அடிக்க வருதான்னு ஒவ்வொண்ணா சரி பாத்துட்டு, உள்ள இருக்குற பசங்களோட பழைய ஃபோட்டோ, ப்ராஜெக்ட் எல்லாத்தையும் வெளில எடுத்து வச்சுக்கிட்டு அப்புறமா இன்ஸ்டால் குடுங்க, ஏன்னா டிஸ்க்கை முழுசா அழிச்சுட்டு ஏத்தவான்னு கேக்குறப்ப ஆமான்னு குடுத்துட்டா பழசு எதுவும் திரும்ப வராது.